நாலு ஏக்கர் வீரையன்

"உட்காருங்க வீரையன். நாற்காலியிலதான். இந்த வீட்டுல எல்லாரும் சமம்."

கல்வி அதிகாரி பஞ்சநதம் இதைச் சொல்வது மூன்றாவது தடவை. வீரையன் அசையவில்லை. பஞ்சநதத்தின் குடும்ப வயலில் முப்பது வருஷமாகக் கூலி வேலை பார்ப்பவன். அந்த வீட்டில் உட்கார்ந்து பழக்கமில்லை. பக்கத்தில் அவன் மகள் மலர்கொடி, கையில் மார்க் ஷீட்டோடு.

"எட்டாம் வகுப்புல தாலுக்காவிலேயே முதல்! அபயாம், இங்கே வந்து பாரேன்."

மனைவி அபயாம்பாள் ஈரக்கையைப் புடைவையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். கணக்கில் தொண்ணூற்றெட்டு. கான்வென்ட்டில் படிக்கும் அவள் பிள்ளை நாற்பதைத் தாண்டியதில்லை.

"ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டோட முடியுதுங்கய்யா," என்றான் வீரையன். "டவுன் ஹாஸ்டல்ல இடம் கிடைச்சா மேல படிக்கும். இல்லேன்னா நாளைக்கே நடவுக்கு இறங்கணும். ஆத்துல தண்ணி வந்துடுச்சு."

"நிலமில்லாத கூலிக்காரங்க பிள்ளைகளுக்குத்தானே அந்த ஹாஸ்டலே! உங்க பொண்ணுக்கு இல்லாமலா?"

நாளைக் காலை அனுப்ப வேண்டிய பட்டியல் மேஜையில் இருந்தது. கடைசி இடத்தில் மலர்கொடியின் பெயரைப் பென்சிலால் குறித்தும் வைத்திருந்தார். பக்கத்திலேயே, கும்பகோணம் ஆசிரியர் மாநாட்டுக்கு அவர் எழுதிக்கொண்டிருந்த உரை. 'அரசுப் பள்ளிகளில் சம வாய்ப்பு: என் சிந்தனைகள்.' இருபது பக்கம்.

பேனாவைத் திறந்தவர், நிலக் கணக்கு பார்க்கும் ஊர்க் கர்ணம் கொடுத்த சான்றிதழைப் பிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"என்ன இது? உன் பேர்ல நாலு ஏக்கர் நஞ்சை இருக்கா?"

வீரையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வாயைத் திறடா! இருக்கா, இல்லையா?"

'வாங்க, உட்காருங்க' எல்லாம் அரை நிமிஷத்தில் 'டா' ஆகிவிட்டது.

"பேர்ல இருக்குதுங்கய்யா."

அபயாம்பாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன மாதம்கூட இவனுக்குப் பழைய வேட்டி கொடுத்திருந்தாள்.

"நாலு ஏக்கரா! எங்கேருந்து வந்துது? எங்க களத்து நெல்லுதான் நிலமா மாறியிருக்கும். பட்டினின்னு வந்து நின்னப்பல்லாம் அளந்து போட்டேனே, என்னைச் சொல்லணும்!"

மலர்கொடி அவன் துண்டைப் பிடித்து இழுத்தாள். "சொல்லுப்பா. அந்த நிலம் வந்து..."

"சும்மா இரு புள்ள!"

அப்பன் அப்படி அதட்டி அவள் கேட்டதேயில்லை. துண்டை விட்டாள்.

"பாத்தியா அபயாம்? பொண்ணு உண்மையைச் சொல்ல வருது, அப்பன் அடக்குறான். ஏண்டா, நிலத்தை வச்சுக்கிட்டு ஏழைப் பிள்ளை இடத்துக்கு வர்றியே, வெட்கமா இல்லே?"

பட்டியலில் மலர்கொடியின் பெயரை ஒரே கோடாக அடித்தார்.

"அய்யா செஞ்சா சரியாத்தான் இருக்கும்," என்று கும்பிட்டுவிட்டு வீரையன் படியிறங்கினான். மலர்கொடி மார்க் ஷீட்டை அந்த நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள். இனி அது எதற்கு?

பஞ்சநதத்துக்குக் கொதிப்பு அடங்கவில்லை. உரையில் புதிதாக ஒரு வரி சேர்த்தார். மனைவிக்கு உரக்கப் படித்தும் காட்டினார்.

"ஏழைக் குழந்தையின் இடத்தைத் திருடுகிறவன் யார்? நிலத்தை ஒளித்து வைத்திருப்பவனே!"

"நல்லா உறைக்கிற மாதிரி இருக்கு. இருக்கட்டும்," என்றாள் அவள்.

மத்தியானம், பஞ்சநதத்தின் அப்பா காயாரோகணம் வந்து சேர்ந்தார். திருக்கடையூரில் சிநேகிதரின் அறுபதாம் கல்யாணத்துக்குப் போயிருந்தவர். மருமகள் அவரைச் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"மாமா, கேட்டீங்களா அநியாயத்தை! நம்ம வீரையன் பேர்ல நாலு ஏக்கர் இருக்காம்!"

பெரியவர் முகம் வெளுத்துப்போனது.

"அவனே சொன்னானா? வேற என்ன சொன்னான்?"

"என்னத்தைச் சொன்னான்? கல்லுளிமங்கன் மாதிரி நின்னான். பொண்ணு என்னமோ சொல்ல வந்துது, அதையும் அதட்டி அடக்கிட்டான். இவரு ஹாஸ்டல் இடம் கிடையாதுன்னுட்டாரு."

காயாரோகணம் நிம்மதியாக மூச்சு விட்டு, நாற்காலியில் கிடந்த மார்க் ஷீட்டின் மேலேயே உட்கார்ந்தார்.

"அதானே பார்த்தேன்! ஐயனார் கோயில்ல சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணிக் கொடுத்தவனாச்சே. உசிரே போனாலும் வெளியில விடமாட்டான். ஒருத்தர் இவ்வளவு நிலம்தான் வச்சுக்கலாம்னு உச்சவரம்புச் சட்டம் வந்தப்போ, அந்த நம்பிக்கையிலதானே நம்ம நாலு ஏக்கரை அவன் பேர்ல எழுதி வச்சேன்!"



"அப்போ, நாம சாப்பிடுற நெல்லு?" என்றாள் அபயாம்பாள்.

"அந்த வயல்ல விளைஞ்சதுதான். அவனேதான் உழுது அறுத்து, மூட்டை கட்டி அனுப்புறான்."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "பட்டியல் இன்னும் போகலைங்க. நிலம் நம்முதுன்னு எழுதுங்க. அந்தப் பொண்ணு படிக்கட்டும்."

"எழுதினா நிலமும் போகும், இவன் உத்தியோகமும் போகும்," என்றார் பெரியவர்.

பஞ்சநதம் பேனாவைத் திறந்தார். பட்டியலை ஒதுக்கிவிட்டு உரையை எடுத்தார். காலையில் சேர்த்த அந்த வரியைத் தேடிப் பிடித்து அடித்தார்.

"அதை ஏங்க அடிக்கிறீங்க?" என்றாள் அபயாம்பாள். "இருபது பக்கத்துல அது ஒண்ணுதானே நிஜம்!"