நாற்காலிக்கு என்ன அர்த்தம்?

“அர்த்தம் கிர்த்தம் எல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா. டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க.”

நாடக ஆசிரியர் இப்படி முகத்தில் அடித்த மாதிரி பேசுவார் என்று விரிவுரையாளர் எதிர்பார்க்கவில்லை. வந்தவளைப் பார்த்து அவர் எழுந்துகூட நிற்கவில்லை. ஆனால் அவளும் லேசுப்பட்டவள் இல்லை. கல்லூரியில் கடைசி வரிசைப் பையன்களையே மேய்த்துப் பழகியவள். இந்த ஒரு மனிதரைச் சமாளிக்க முடியாதா என்ன?

“கிளம்புறேன் சார். அவன் ஏன் அந்த நாற்காலியைத் தள்ளுறான்னு மட்டும் சொல்லிடுங்க.”

அவர் வாழ்க்கையில் எழுதியது ஒரே ஒரு நாடகம். அதில் ஒருவன் மேடையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவான். திரும்பி வருவான். மறுபடியும் தள்ளுவான். சுற்றிலும் நாலு பேர் வியாபாரம், கல்யாணம், சண்டை என்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருத்தர்கூட ஏனப்பா என்று கேட்க மாட்டார். அவனும் கடைசிவரை அதில் உட்கார மாட்டான். அபத்த நாடகம் என்று கொண்டாடினார்கள். பிறகு எத்தனையோ குழுக்கள் அதை மேடையேற்றிவிட்டன. நாற்காலி என்றால் பதவி என்றார் ஒரு விமர்சகர். பதவியாவது மண்ணாவது, அது கடவுள் என்று அவர்மேல் பாய்ந்தார் இன்னொருவர்.

விரிவுரையாளரின் முனைவர் பட்ட ஆய்வு முழுக்க அந்த நாற்காலியை நம்பித்தான் இருந்தது. நாளைக்கு வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் கறார் பேர்வழி. ‘உலகத்துக்கே அர்த்தம் இல்லை என்று சொல்கிற நாடகத்தில் நாற்காலிக்கு மட்டும் அர்த்தம் எங்கிருந்து வந்தது? ஆதாரம் காட்டுங்கள், இல்லையென்றால் ஆய்வைத் திருப்பி அனுப்பிவிடுவேன்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால்தான் யாரையுமே பார்க்க ஒப்புக்கொள்ளாத இந்த மனிதரின் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தாள். கதவைத் திறந்த அவர் மனைவிதான் மனசு இரங்கி உள்ளே விட்டார்.

“யாரோ வந்து உட்காருவாங்கன்னு ஒரு ஏக்கம். அதானே சார்?”

“யாரும் வர மாட்டாங்க.”

“அப்போ அதிகாரமா?”

“அது மர நாற்காலிம்மா.”

டீ டம்ளரை எடுக்க வந்த மனைவி சிரித்துவிட்டார். “இவர் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வாங்குறதுக்குள்ள உங்களுக்கு ரிட்டயர்மென்டே வந்துடும்மா. சொன்னா தலையில இருக்கிற கிரீடம் இறங்கிடுமாம்.”

“நீ உள்ள போ.”

“எழுதினவர் நீங்க. முதல்ல நடிச்சவரும் நீங்க. உங்களுக்குத் தெரியாம வேற யாருக்கு சார் தெரியும்?” என்று விடாமல் கேட்டாள் விரிவுரையாளர்.

“அர்த்தம் தெரிஞ்சுக்கிட்டா பொறந்தோம்? இல்ல, தெரியலன்னு சாப்பிடாம இருக்கோமா? அபத்தம்னு எழுதிட்டுப் போங்க. தத்துவக்காரங்க அதைப் பத்திக் கட்டுக்கட்டா எழுதி வெச்சிருக்காங்களே.”

“எல்லாம் படிச்சாச்சு சார். வெறும் அபத்தம்னா நாற்காலியை நடுவுலயே போட்டுட்டுப் போயிருப்பானே! கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது, அப்பவும் அவன் விடலையே. ஏன்?”

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இதைச் சொல்வதற்காக அவள் வரவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டாள்.

“நான் முதல் நாளே பார்த்தேன் சார், நீங்க நடிச்சப்போ. அப்பா தவறி ஒரு மாசம்தான் ஆயிருந்துச்சு. படிச்சது போதும், கடையில வந்து நில்லுன்னு மாமா சொல்லிட்டார். நானும் சரின்னுட்டேன். காலையில எதுக்கு எந்திரிக்கணும்னே புரியாத நேரம் அது. அக்காதான் வலுக்கட்டாயமா நாடகத்துக்கு இழுத்துட்டு வந்தா. நீங்க தள்ளிக்கிட்டே இருந்தீங்க. நிறுத்தித் தொலைங்களேன்னு எனக்கு எரிச்சலா வந்துச்சு. நீங்க நிறுத்தவே இல்ல. மறுநாள் காலையில நான் காலேஜ் வாசல்ல போய் நின்னேன். ஏன் போனேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. தேர்வாளர் கிடக்கட்டும் சார், எனக்குத் தெரிஞ்சாகணும்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“சரி சார். தெரியலைன்னே நாளைக்குச் சொல்லிடுறேன். ஆனா அந்த அத்தியாயத்தை எடுக்க மாட்டேன். திருப்பி அனுப்பினா மறுபடி எழுதுவேன். எத்தனை தடவை அனுப்பினாலும் சரி.”

அவள் கதவருகே போய்விட்டாள்.

“நில்லுங்கம்மா. வாசல் வரைக்கும் வந்து அனுப்புறேன்.”

உள்ளேயிருந்து மனைவி பதறி ஓடிவந்தார். “ஏங்க, வேண்டாங்க!”

“இருக்கட்டும்” என்றவர், மேஜை விளிம்பைப் பிடித்து எழுந்து, உட்கார்ந்திருந்த நாற்காலியைத் திருப்பி, அதன் முதுகில் உடம்புப் பாரம் முழுவதையும் சாய்த்து ஓர் அடி தள்ளினார். பின்னாலேயே அவருடைய வலது கால் உயிரில்லாமல் இழுபட்டு வந்தது.

“நான் எழுதினப்போ அதுல நாற்காலியே கிடையாதும்மா, அவன் சும்மா நடப்பான்” என்றார் மூச்சு வாங்க. “ஒத்திகை எல்லாம் முடிஞ்ச பிறகு லாரியில அடிபட்டேன். வேற ஆளைப் போட்டுடலாம்னாங்க, நான் விடல.”