வாய் அளவு

மினுக்கி ஒரு நியான் மீனு. ஆளு சுண்டுவிரல் நுனி அளவுதான், பேச்சு மட்டும் திமிங்கலம் அளவுக்கு இருக்கும். அவ இருந்த தொட்டிக்கு வீட்டுக்காரர் ஒரு ஏஞ்சல் மீனு வாங்கிட்டு வந்தாரு. ரெண்டும் சேந்து இருக்குமான்னு கடையில ஒரு வார்த்தை கேக்கல. ஒரே அளவுல இருக்கேன்னு உள்ள விட்டுட்டாரு. அதுக்குத் தட்டையன்னு பேரு வச்சதே மினுக்கிதான்.

பயந்து நடுங்குன பிள்ளைய அவதான் பக்கத்துல வச்சுக்கிட்டா. இரை விழுந்தா முதல் வாய் அவனுக்கு. தினமும் ஒரே கேள்வி: "சாப்டியாடா?"

ஆறே மாசத்துல தட்டையன் உள்ளங்கை அகலம் ஆயிட்டான். ஒருநாள் தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னான்: "அக்கா, இனிமே எம்மூஞ்சிக்கு நேரா வராத."

"ஏன்டா, அக்கா அழகுல கண்ணு கூசுதா?"

"வெளையாடாத. நீ சரியா என் வாய் அளவுக்கு இருக்க."

மினுக்கி விழுந்து விழுந்து சிரிச்சா. "அடப் போடா! அந்த வாய வளத்துவிட்டதே நான்தான்."

அப்புறம் வீட்டுக்காரங்க வீட்டப் பூட்டிட்டு ஊருக்குப் போனாங்க. ரெண்டு நாளா இரை இல்ல. மூணாம் நாள் தட்டையன் மூலையில போயி, கண்ணாடியப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டான். "யாரும் கிட்ட வராதீங்க"ன்னான். மத்த மீனெல்லாம் செடிக்குப் பின்னால ஒதுங்கிருச்சு.

மினுக்கிக்கு மனசு கேக்கல. பட்டினி கெடக்குற பிள்ளையத் தனியா விடலாமா? மெதுவா நீந்திப் போயி, கண்ணாடி ஓரமா நுழைஞ்சு, அவன் மூஞ்சிக்கு நேரா நின்னு கேட்டா:

"சாப்டியாடா?"