வியாழக்கிழமை நோயாளி

தனியாக வசிக்கும் கெர்ட்ரூட் ஆன்டி, வியாழக்கிழமை தவறாமல் மலேசியாவின் சுங்கை வேயில் உள்ள கிளினிக்குக்குப் போய்விடுவார். நெஞ்சுக்குள் ஏதோ வளர்கிறது என்று பயம். டாக்டர் நவீன் ஒவ்வொரு முறையும் சோதித்துவிட்டு, "ஒன்னும் இல்ல ஆன்டி, நம்பிப் போங்க" என்பார்.

ஜனவரியில் ஒருநாள் ஆன்டி அதை உண்மையாகவே நம்பிவிட்டார். அதன்பின் போகவில்லை. நன்றாகத் தூங்கினார்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, இருமலுக்கு மருந்து வாங்கப் போனார்.

"என்ன ஆன்டி, இந்த வாரம் செவ்வாய்க்கிழமையே வந்துட்டீங்க?"

"நான் வந்தே நாலு மாசமாச்சு லா டாக்டர்."

டாக்டர் ஆன்டியின் சிகிச்சைக் கார்டைத் திருப்பிக் காட்டினார். ஒரு வியாழக்கிழமைகூட விடுபடவில்லை. எல்லாம் டாக்டரின் கையெழுத்து. எல்லாவற்றிலும் 'ஒன்றுமில்லை'.

"போன வாரம் ரொம்ப மெலிஞ்சிருந்தீங்க. மறுபடியும் அப்படியே வந்தா ஆஸ்பத்திரிக்கு லெட்டர் தரேன்னு சொன்னேனே. இன்னைக்கு நல்லாத்தான் இருக்கீங்க."

அந்த வியாழக்கிழமை ஆன்டி வீட்டைவிட்டு இறங்கவில்லை. ஒன்பது மணிக்குப் பார்த்தபோது வாசலில் அவருடைய செருப்பைக் காணோம். பதினொன்றரைக்குச் செருப்பு பழைய இடத்திலேயே கிடந்தது. அதன்மேல் ஒட்டி மூடிய லெட்டர் கவர் ஒன்று இருந்தது. கவரில் அவருடைய பெயரும் அடையாள அட்டையான ஐசியின் நம்பரும் எழுதி, கீழே 'அவசரம்' என்று டாக்டர் எழுதி அடிக்கோடிட்டிருந்தார்.