மறு எடை

“அந்தச் செம்புக் கம்பிச் சுருளை இன்னொரு தடவை எடை போடுங்க.”

மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் இப்படிச் சொன்னதும், காயில்காரருக்குக் காதுமடல் சுட்டது. நேற்றுவரை, மோட்டார்களுக்குக் காயில் சுற்றும் இந்தப் பட்டறைக்கு முதலாளி. இன்று சொந்தத் தராசின் முன்னாலேயே திருடனா?

தொழில் நொடித்ததும் அவராகவேதான் எல்லாவற்றையும் ஒப்படைத்தார். கடன் கொடுத்தவர்களுக்காக அவற்றை விற்றுப் பங்கிட நீதிமன்றம் நியமித்த ஒரு பொறுப்பாளர் வந்திருந்தார். அப்படி வருகிறவருக்குச் சொத்துள்ள ஒருவர் ஜாமீன் நின்றால்தான் சாவியே கைக்கு வரும். நாளை சாமான் குறைந்தால் அந்த ஜாமீன்தாரர் தலையில் விடியும்.

பொறுப்பாளர் செம்புக் கம்பியை நிறுத்துச் சொன்னார், காயில்காரர் எழுதினார். “சரியாத்தான் இருக்கு” என்று முணுமுணுத்த பொறுப்பாளர், பெரியவர் பக்கம் திரும்பவே இல்லை. மின்விசிறிக்கு நேர் கீழே நின்றும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

“யாருங்க அந்த ஆளு? கண்ணாலயே சோதனை போடறாரே!” என்று கிசுகிசுத்தாள் காயில்காரரின் மனைவி.

“கடன் குடுத்தவங்க அனுப்பின ஆளா இருக்கும். விடு.”

“எதை விடறது? என் கம்மல்கூடப் போயாச்சு. மானம் ஒண்ணுதான் மிச்சம். அதையும் தராசுல வெக்கச் சொல்லுங்க!”

காயில்காரர் அடுத்த எடையை எழுதினார். கடனாளி என்ற பேரோடு இந்தத் தெருவில் நடந்துவிடலாம். திருடன் என்ற பேரோடு எப்படி நடப்பது?

ஒருவழியாக எல்லாம் முடிந்தது. கதவைப் பூட்டப் போகும் நேரத்தில் பெரியவர் எழுந்து வந்து வாசலை மறித்து நின்றார்.

“பையைத் திறந்து காட்டிட்டுப் போயிடலாம்.”

மனைவிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. தன் பையை அப்படியே மேசைமேல் கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பா, வீட்டுச் சாவி, ஒரு சீப்பு.

“பாருங்க! நல்லாப் பாருங்க! ஒரு முழம் கம்பி இருக்கா?”

பெரியவர் பதறிப்போனார். “ஐயோ, உங்களச் சொல்லலம்மா!” உருண்டோடிய டப்பாவைப் பிடித்து அவள் கையில் கொடுத்தார். “இவருக்கு ஜாமீன் நிக்கறவன் நான். பொண்ணு அழுதாளேன்னு, குடியிருக்கற வீட்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

பிறகு பொறுப்பாளர் பக்கம் திரும்பினார்.

“மாப்பிள்ளை, உங்க பையத் திறங்க.”