ஆர்விட் வீட்டு டிகிரி

அம்மா தலையில் ஒன்றும் மாட்டிக்கொள்ளாமல் பின்கதவைத் திறந்து பனிக்குள் இறங்கினாள். கரின் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வயதில் இதென்ன கூத்து என்றிருந்தது அவளுக்கு.

அம்மா லவோன் நேரே வேலிக் கம்பத்துக்குப் போனாள். அதில் அறைந்திருந்த வெப்பமானியின் மேல் படிந்த பனியைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

இத்தனை வருஷமும் அது அப்பாவின் வேலை.

அப்பா மேசை முன் சக்கர நாற்காலியில் இருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் வாயில் ஒரு சொல் வரவில்லை. கூப்பிட்டால் திரும்பவும் இல்லை. எதிரே ஓட்ஸ் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

உள்ளே ஆள் இருக்கிறாரா என்றே கரினுக்குத் தெரியவில்லை. இல்லை என்று முடிவு கட்டித்தான் மினியாபொலிஸிலிருந்து வண்டி ஓட்டி வந்திருந்தாள். அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று இன்றைக்கு அம்மாவிடம் எப்படியாவது சொல்லிவிட வேண்டும்.

பேச்சுக்குப் பஞ்சமே இல்லாத மனுஷன் அவர்.

உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். எழுபதுகளில், அமெரிக்கா முழுக்க மீட்டருக்கும் கிலோவுக்கும் மாறப்போகிறது என்று அரசாங்கம் சொன்னபோது அந்த ஊரில் அதை நம்பிய ஒரே ஆள். அரசாங்கம் மறந்துபோன பிறகும் அவர் மறக்கவில்லை. ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் மீட்டர் கோலைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாத்திக்கொண்டு தன்னந்தனியாக நடப்பார். அடியும் அங்குலமும் இந்த நாட்டைப் பிடித்த பீடை என்பார்.

ஏரியில் பிடித்த மீனை மற்றவர்கள் பத்து பவுண்டு என்று பீற்றிக்கொள்வார்கள். அதே அளவு மீனை இவர் நாலரை கிலோ என்பார்.

"ஆர்விட், ஒன் தூண்டில்ல மட்டும் ஏன்யா எப்பவும் சோனி மீனா மாட்டுது?" என்று தூண்டில் கடைக்காரர் கேட்க, கடையே சிரிக்கும்.

கரினால் சேர்ந்து சிரிக்க முடியாது. பள்ளியில் அவளுக்கே கிலோமீட்டர் குட்டி என்றுதான் பேர்.

அந்த வெப்பமானியில் ஒரு பக்கம் ஊரே பேசும் ஃபாரன்ஹீட் டிகிரி, மறுபக்கம் செல்சியஸ். வாங்கிவந்து மாட்டிய அன்றே ஊர் டிகிரிப் பக்கம் முழுக்கக் கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டார்.

காலையில் அதைப் பார்த்துவிட்டு, மைனஸ் பன்னிரண்டு என்று அறிவித்தபடி உள்ளே வருவார்.

"அது மனுஷங்க டிகிரில எவ்வளவு?" என்பாள் அம்மா.

"மாத்திச் சொல்ல மாட்டேன் லவோன். மாத்திக்கிட்டே இருந்தா எந்தக் காலத்துலயும் பழகாது."

பிறகு காபியைக் கீழே வைத்துவிட்டுப் பாடம் தொடங்கும். பூஜ்யம் என்றால் கையுறை போதும். மைனஸ் பத்து என்றால் காதை மூடும் தொப்பி. மைனஸ் இருபத்தைந்து என்றால் கார் எஞ்சினைச் சூடாக்க முந்தின நாளே ஒயரைச் செருகி வைக்க வேண்டும். அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். மறுநாள் சுத்தமாக மறந்துவிட்டு அதையே திரும்பக் கேட்பாள்.

அவளுக்குக் கணக்கு மண்டையில் ஏறாது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

கரின் தலையில் அடித்துக்கொண்டு பள்ளிப் பேருந்துக்கு ஓடுவாள். அந்தப் பாடத்தை இன்னொரு தரம் கேட்க எதையும் கொடுக்கலாம் என்று இப்போது இருந்தது.

கதவு திறந்தது. அம்மாவின் நரைமுடியெல்லாம் பனித்துகள். கோட்டைக் கழற்றாமலே அப்பா முன் போய் நின்றாள்.

"ஆர்விட், வெளிய பதினாலு டிகிரி."

அந்த ஊரில் பதினாலு என்றால் மூக்கு நுனி மரத்துப்போகும் குளிர். அப்பா காதுக்கோ அது கெட்ட வார்த்தை.

ஒன்றும் நடக்கவில்லை.

"பதினாலு," என்றாள் மறுபடியும். இந்தத் தடவை அவர் முகத்துக்கு நேரே குனிந்து.

அப்பாவின் இடது கை மேசை விரிப்பைப் பற்றியது. நெற்றி சுருங்கியது. தப்பாக விடை சொன்ன மாணவனை அவர் அப்படித்தான் பார்ப்பார்.

"மை... மைனஸ்," என்றார். மூச்சு வாங்கியது. "பத்து."

மாற்றிச் சொல்லவே மாட்டேன் என்ற மனுஷன் மாற்றிச் சொல்லிவிட்டார்.

கரின் கையிலிருந்த காபி தரையெல்லாம் சிந்தியது.

அவர் இன்னும் முடிக்கவில்லை. கண்கள் அம்மாவின் வெறுந்தலையில் போய் நின்றன. கோணிய வாய் மறுபடி திறந்தது.

"தொப்பி."

அம்மா அப்படியே உட்கார்ந்து அவர் மடியில் முகம் புதைத்தாள். அவர் இடது கையால் அவள் தலையிலிருந்த பனியைத் தட்டிவிட்டார்.

கரின் வெளியே ஓடினாள். அழுவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. என்ன சொல்ல வந்தோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

கம்பத்தருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். வெப்பமானியில் சிவப்புக்கோடு மைனஸ் பத்தில் நின்றது. மறுபக்கம் கன்னங்கரேல் என்று இருந்தது. பெயின்ட் ஓர் இடத்திலும் உரியவில்லை.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கு வீட்டில் வானிலை கேட்க ரேடியோகூடப் போடவில்லை.

உள்ளே வந்தபோது அம்மா அடுப்பில் கஞ்சியைத் திரும்பச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அதுல பதினாலுன்னு எங்க இருக்கு?"

அம்மா கரண்டியைத் தன் உதட்டின் மேல் குறுக்கே வைத்தாள்.

"மெதுவாப் பேசுடி. அப்பா காதுல விழுந்துடப் போகுது."