பாதி மீசை

“தினம் தெருத்தெருவா அலையறவன் நான். அரை மாரத்தான்ல கடைசியா வந்தா பாதி மீசையை எடுத்துடறேன்டா” என்று மச்சினனிடம் சவால் விட்டுத்தான் ஓட வந்தார் தபால்காரர்.

பத்தாவது கிலோமீட்டரிலேயே நாக்குத் தள்ளிவிட்டது. முன்னால் ஒருவரையும் காணோம். ஆனால் திரும்பிப் பார்த்தபோதெல்லாம், தோளில் பெரிய பையோடு ஓர் அம்மா பின்னால் வந்துகொண்டிருந்தார். அந்த ஒரு தெம்பில்தான் ஓடி முடித்தார்.

எல்லைக்கோட்டில் காத்திருந்த மச்சினன் முன் மீசையை முறுக்கிவிட்டு, பின்னாலேயே வந்த அம்மாவிடம் பரிவோடு சொன்னார்:

“இவ்வளவு பெரிய மூட்டையைச் சுமந்துக்கிட்டு ஓடினா எப்படிம்மா முந்த முடியும்?”

அந்த அம்மா பையைத் திறந்து காட்டினார். உள்ளே, வழிநெடுக வைத்திருந்த அம்புக்குறி அட்டைகள்.

“கடைசி ஆள் தாண்டினதும் இதையெல்லாம் கழட்டிட்டு வர்றதுதான் தம்பி என் வேலை.”

மச்சினன் நிதானமாகக் கேட்டான்:

“எந்தப் பக்கம் மாமா?”