இருக்கிறதிலேயே கனமான ராக்கெட்

"இருக்கிறதிலேயே கனமான டென்னிஸ் ராக்கெட் எது சார்? ஸ்ட்ரிங்க எவ்வளவு இழுத்துக் கட்ட முடியுமோ அவ்வளவு இழுத்துக் கட்டிக் குடுங்க."

பிரேசர் டவுனில் ஸ்போர்ட்ஸ் கடை நடத்தும் லாயிட், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். எதிரே நின்றவள் ஹெலன். டூட்டி முடிந்த கையோடு, நர்ஸ் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் லிங்கராஜபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். கையில் ஒரு சீட்டு.

"யாருக்கும்மா?"

"எம் பொண்ணு எலிசபெத்துக்கு. பதினாறு வயசுக்குள்ள ஆடற டோர்னமென்ட். ஞாயித்துக்கெழம ஃபைனல். நேத்து பிராக்டிஸ்ல ராக்கெட் விரிசல் விட்டுருச்சு. யாருதையோ கேட்டு வாங்கி ஆடிட்டிருக்கா, பிராக்டிஸ விட்டு கோச் வெளிய விடல. அதான் சீட்டுல எழுதிக் குடுத்துட்டா."

'320 கிராம், ஸ்ட்ரிங் 60 பவுண்டு' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தது.

வேறு கடையாக இருந்தால் சீட்டைப் பார்த்தோமா, எடுத்துக் கொடுத்தோமா என்று வேலை முடிந்திருக்கும். லாயிட்டிடம் அது நடக்காது. ராக்கெட் வாங்க வந்தவர்களை அவர், பெண் பார்க்க வந்த வீட்டார் போலக் குடைந்து குடைந்து கேட்பார்.

"பொண்ணு எப்படி ஆடுவா? வலை கிட்ட வருவாளா?"

"வரவே மாட்டா. பின்னாடி கோட்டுலயே நின்னுக்கிட்டு ஓங்கி ஓங்கி அடிப்பா. பெத்தவ எனக்கே பயமா இருக்கும் சார்."

"ஓ, பேஸ்லைன் ஆட்டமா? பந்து நேரா போகுமா, சுழண்டு எகிறுமா?"

"அதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. வீடியோ இருக்கு, பாருங்க."

லாயிட் வீடியோவைப் பார்த்தார். முடிந்ததும் மறுபடி ஓடவிட்டார். மூன்றாவது தடவை ஃபோனை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு ராக்கெட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று ஹெலனுக்கு வேடிக்கையாக இருந்தது.

"முழங்கை வலிக்குதும்பாளா?"

"மூணாவது செட் வந்தா வலிக்கும். வீட்டுக்கு வந்ததும் ஐஸ் வெப்பேன். எப்படி சார் கண்டுபுடிச்சீங்க?"

"வீசறதுல தெரியுது."

"எதிர்ல ஆடப்போற பொண்ணு எதையும் விடாதாம் சார். எவ்வளவு ஓங்கி அடிச்சாலும் ஓடிப்போய் எடுத்துப் போட்டுருமாம். அதான் இவளுக்குக் கனமா வேணுமாம். ஜெயிச்சா ஒரு வருஷம் அகாடமில ஃப்ரீ கோச்சிங். தோத்தா ராக்கெட்ட பரண்ல போட்டுட்டு படிக்கிற வழியப் பாருன்னு அவங்கப்பா சொல்லிட்டார்."

லாயிட் சுவரில் மாட்டியிருந்த ராக்கெட்டுகளின் பக்கம் திரும்பிச் சிறிது நேரம் அப்படியே நின்றார். சீட்டில் கேட்டிருந்தது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கேட்டதை எடுத்துக் கொடுத்தால் யாரும் அவரைக் குறை சொல்லப் போவதில்லை. ஒரு பெருமூச்சு விட்டு, அதற்குப் பக்கத்தில் இருந்ததை எடுத்தார்.

"அது வேணாம்மா. இது இருபது கிராம் கம்மி. இத எடுத்துக்குங்க."

"சீட்டுல எழுதினத மாத்தக் கூடாது சார். எங்க தொழில்ல அப்படித்தான் பழக்கம்."

"டாக்டர் எழுதின சீட்டுன்னா நானும் மாத்த மாட்டேன். இது பேஷன்ட்டே எழுதின சீட்டாச்சே!"

ஹெலன் சிரித்துவிட்டாள்.

"கனமான ராக்கெட் ஒரு செட்டுக்குத் தாங்கும். அப்புறம் கை ஓஞ்சிடும். வேகமா வீசினாத்தான் பந்து சுழலும். இதுக்குத் தலை கொஞ்சம் பெருசு, ஸ்ட்ரிங் நடுவுல இடைவெளியும் ஜாஸ்தி. பந்தக் கவ்விச் சுழட்டி விடும். கோட்டுக்குள்ள விழுந்து எதிராளி தோளுக்கு மேல எகிறும்."

"சரி, ஸ்ட்ரிங்காவது இழுத்துக் கட்டுவீங்களா?"

"எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. இழுத்துக் கட்டினா பந்து சொன்ன பேச்சு கேக்கும், ஆனா வேகம் போயிடும். தளர்த்திக் கட்டினாத்தான் பறக்கும். முழங்கைக்கும் நல்லது. ஐம்பது பவுண்டுல போடறேன். ஸ்வல்ப நேரம் உக்காருங்க."

முக்கால் மணி நேரம் ஆனது. வேலையாளிடம் விடாமல் லாயிட்டே மெஷினில் உட்கார்ந்து ஸ்ட்ரிங் போட்டார். ஒவ்வொரு இழையையும் விரலால் அழுத்திப் பார்த்தார். ஹெலனுக்கு மனம் நிறைந்துவிட்டது. அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில்கூட இத்தனை அக்கறையாக விசாரிக்கிறவர்கள் குறைவு.

"சொந்தப் பொண்ணுக்குப் பண்ற மாதிரி பண்ணிக் குடுத்தீங்க சார். இன்னும் ஒரே ஒரு உதவி. ஞாயித்துக்கெழம எம் பொண்ணு ஜெயிக்கணும்னு நீங்களும் ஒரு வார்த்த ஜெபம் பண்ணிக்குங்க."

லாயிட் ராக்கெட்டை உறைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி அவள் கையில் கொடுத்தார்.

"அது மட்டும் என்னால முடியாதும்மா. எதிர்ல ஆடப்போற அந்தப் பொண்ணுக்கு நான்தான் அப்பா."